நகுமோ சூயிச்சி

நகுமோ சூயிச்சி (1887–1944) இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்படைக்குத் தலைமை வகித்த தளபதி. பேர்ள் ஹார்பர் தாக்குதல், 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை மீது நடந்த தாக்குதல்கள், ஜப்பானுக்குப் பேரிழப்பாக முடிந்த மிட்வே சண்டை ஆகிய மூன்றையும் களத்தில் இருந்து நடத்தியவர் அவரே. ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயரான ‘நகுமோ’ முதலில் வருகிறது.

யமகாதா மாவட்டத்தில், கடலோரம் இல்லாத யொனெசாவா ஊரில் 1887 மார்ச் 25 அன்று பிறந்தார். 1908இல் கடற்படைக் கல்லூரியின் 36ஆம் அணியில் 191 பேரில் எட்டாவதாகத் தேறினார். டார்பிடோ போர்முறையில் தேர்ந்தவர். நாசகாரிக் கப்பல்களிலும் குரூசர்களிலும் பணியாற்றிப் படிப்படியாக உயர்ந்து 1939இல் வைஸ் அட்மிரல் ஆனார். விமானப் போரில் அவருக்கு நேரடி அனுபவம் கிடையாது. இருந்தும் 1941 ஏப்ரலில் முதலாவது வான்படைத் தொகுதி அவரிடம் தரப்பட்டது. பணிமூப்பே இதற்குக் காரணம். வான்போர்த் திட்டங்களைத் தீட்டுவதில் விமானப் பிரிவு அலுவலர் கெண்டா மினோரு, தலைமை அலுவலர் குசாகா ரியுனொசுகே ஆகியோரை அவர் பெரிதும் நம்பியிருந்தார்.

பேர்ள் ஹார்பர் திட்டத்தில் அவருக்கு முழு மனம் இல்லை. கடற்படையில் தன் மேலதிகாரியான யமமோட்டோவின் கட்டளையை ஏற்றுத்தான் புறப்பட்டார். 1941 நவம்பர் 26 அன்று எட்டொரொபு தீவிலிருந்து கிளம்பிய படையில் அக்காகி, காகா, சோர்யு, ஹிர்யு, ஷோக்காகு, சுயிக்காகு என ஆறு விமானந்தாங்கிகள் இருந்தன. டிசம்பர் 7 காலையில் இரண்டு அலைகளாக ஏறத்தாழ 350 விமானங்கள் பாய்ந்தன. 2,400க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டனர். ஜப்பான் இழந்தது 29 விமானங்கள். எண்ணெய்த் தொட்டிகளையும் பழுதுபார்ப்புத் தளங்களையும் அடிக்காமல் திரும்பியது தவறு என்ற குற்றச்சாட்டு இன்றுவரை அவரைத் தொடர்கிறது. ஆனால் அமெரிக்க விமானந்தாங்கிகள் எங்கே இருக்கின்றன என்பது அப்போது அவருக்குத் தெரியாது. தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஆறு கப்பல்களையும் முழுதாகத் திருப்பிக் கொண்டுவந்ததைக் கோழைத்தனம் என்று சொல்வது நியாயமாகாது.

1942 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தைத் தாக்கிய பிறகு, ஐந்து விமானந்தாங்கிகளுடன் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார். பழுதுபட்டிருந்த காகா உடன் வரவில்லை. ஏப்ரல் 4 அன்று லெனார்ட் பர்ச்சால் என்ற கனடிய விமானி, இலங்கைக்குத் தெற்கே இந்தப் படையைப் பார்த்துக் கொழும்புக்குச் செய்தி அனுப்பினார். உடனே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. போர் முடியும்வரை அவர் கைதியாகவே இருந்தார். அந்தச் செய்தியால் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்கூட்டியே வெளியேற முடிந்தது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டுகள் விழுந்தன. பிரிட்டனின் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரு குரூசர்கள் அன்று பிற்பகலில் நடுக்கடலில் மூழ்கின. 400க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர்.

மறுநாள் இன்னொரு ஜப்பானியத் தளபதியான ஓசாவா ஜிசாபுரோவின் தனிப்படை வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னைவாசிகள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிடைத்த ரயிலில் ஊர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த ‘எவாகுவேஷன்’ காலம் இதுதான். ஏப்ரல் 9 அன்று நகுமோவின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தற்காப்புக்குத் தன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லாமல் சென்ற ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி, மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டது. அதன் தலைவர் ரிச்சர்ட் ஆன்ஸ்லோ உட்பட 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நீரில் தத்தளித்தவர்களில் பலரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் மீட்டது.

வெற்றியாகவே எழுதப்படும் இந்த ஐந்து நாட்களில் இரண்டு நிகழ்ச்சிகள் கவனத்துக்குரியவை. கொழும்பை மறுபடி தாக்க எண்ணி, கைவசமிருந்த விமானங்களின் டார்பிடோக்களை அகற்றித் தரைக்குண்டுகளைப் பொருத்தச் சொன்னார் நகுமோ. வேலை நடுவில் இருக்கும்போதே எதிரிக் கப்பல்கள் தென்பட்டதாகச் செய்தி வர, பழையபடி மாற்றச் சொன்னார். குழப்பத்தில் டார்பிடோ விமானங்கள் நேரத்துக்குத் தயாராகவில்லை. அடுத்தது ஏப்ரல் 9 அன்று நடந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் அக்காகியின் தலைக்கு மேல் வந்து குண்டுபோடும்வரை காவலர்கள் அவற்றைப் பார்க்கவில்லை. கப்பலில் ரேடார் இல்லை. குண்டுகள் கப்பலைச் சுற்றி நீரில் விழுந்ததால் அக்காகி தப்பியது. இரண்டையும் யாரும் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டு வாரம் கழித்து, ஜூன் 4 அன்று, மிட்வே தீவருகே இரண்டும் ஒன்றாக வந்தன. இரண்டாம் முறையும் தீவைத் தாக்க வேண்டும் என்று முதல் அலையிலிருந்து தகவல் வந்ததால், காலை 7:15க்கு டார்பிடோக்களை இறக்கிக் குண்டுகளை ஏற்ற உத்தரவிட்டார் நகுமோ. அரை மணி நேரத்தில் எதிரிக் கப்பல்கள் இருப்பதாகச் செய்தி, உத்தரவு நிறுத்தப்பட்டது. ஒரு டார்பிடோவின் எடை 800 கிலோவுக்கு மேல். அதை இறக்கித் தள்ளுவண்டியில் ஏற்றி, விமானத்தின் அடியிலுள்ள கொக்கிகளையும் மாற்றிய பிறகே குண்டைப் பொருத்த முடியும். காற்றோட்டமில்லாத மூடிய கிடங்கில், ஆடிக்கொண்டிருக்கும் கப்பலில், ஊழியர்கள் இதை விமானம் விமானமாகச் செய்ய வேண்டும். அவசரத்தில் கழற்றிய குண்டுகள் அங்கேயே ஓரமாகக் கிடந்தன. ஹிர்யுவிலிருந்த தளபதி யமகுச்சி டமோன் உடனே தாக்கலாம் என்று வற்புறுத்தினார். திரும்பி வரும் விமானங்களை முதலில் இறக்கிக்கொள்ளலாம் என்று நகுமோ முடிவுசெய்தார். 10:20 மணி வாக்கில் உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்த அமெரிக்க விமானங்கள் சில நிமிடங்களில் அக்காகி, காகா, சோர்யு மூன்றையும் எரித்தன. நகுமோ தன் தலைமைக் கப்பலான அக்காகியைவிட்டு இறங்க மறுத்தார். குசாகா மன்றாடியபின் ஜன்னல் வழியாகக் கயிற்றைப் பிடித்து இறங்கினார். ஹிர்யுவும் அதே நாளில் தாக்கப்பட்டு மறுநாள் மூழ்கியது.

இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் ஜப்பானிய விமானங்கள் புறப்பட்டிருக்கும் என்று விமானப்படைத் தலைவர் புசிதா மிட்சுவோ பின்னாளில் எழுதியதைப் பலர் நம்பினர். அது உண்மையல்ல என்று ஜப்பானியப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் நிறுவியுள்ளனர். விமானங்கள் அப்போதும் கீழ்க்கிடங்கில்தான் இருந்தன.

மிட்வேக்குப் பிறகும் அவர் நீக்கப்படவில்லை. 1942 அக்டோபரில் சாண்டா குரூஸ் சண்டையில் அமெரிக்காவின் ஹார்னெட் கப்பலை மூழ்கடித்தது அவர் படையே. ஆனால் ஈடுசெய்ய முடியாத அளவுக்குத் தேர்ந்த விமானிகளை அங்கே இழந்தார். நவம்பரில் பதவி ஓசாவாவுக்குச் சென்றது. அதன்பின் சசெபோ, குரே தளங்களில் நிர்வாகப் பொறுப்பு வகித்தார்.

1944 மார்ச்சில் சாய்பான் தீவுக்கு அனுப்பப்பட்டபோது அவரிடம் பெயருக்கு ஒரு ‘மத்திய பசிபிக் கடற்படை’ இருந்தது. போரிடத் தகுந்த கப்பல்கள் இல்லை. ஜூன் 15 அன்று அமெரிக்கர்கள் தரையிறங்கினர். நான்கு நாள் கழித்து, பேர்ள் ஹார்பருக்குச் சென்ற ஆறில் ஒன்றான ஷோக்காகு பிலிப்பைன் கடலில் மூழ்கியது. ஜூலை தொடக்கத்தில் அந்தத் தீவிலேயே நகுமோ தற்கொலை செய்துகொண்டார். இறந்தபின் அவருக்கு அட்மிரல் பட்டம் தரப்பட்டது. ஆறில் கடைசியாக எஞ்சிய சுயிக்காகு, அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று மூழ்கியது.

அவருடைய தலைமைக் கப்பல் அக்காகி 2019 அக்டோபரில், 5 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலில், முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்துவரும் ஆழத்தில் கிடக்கிறது.