இரண்டாம் அடுப்பின் அளவு: கொடியடுப்பு, குமுட்டி, கமாடோ

தமிழ்ப் பேரகராதியில் பதிவாகியுள்ள அடுப்புப் பெயர்களுள் கொடியடுப்பு என்பது சற்று நின்று நோக்கத்தக்கது. விறகு எரியும் முதல் அடுப்பின் பக்கவாட்டில் ஒரு துளை. அதன் வழியே தீயும் வெப்பமும் சென்று சேரும் துணை அடுப்பே கொடியடுப்பு. அதற்கெனத் தனியாக விறகு வைப்பதில்லை. முதல் அடுப்பில் உலை கொதிக்கும்போது கொடியடுப்பில் பருப்பு வேகும். சோறு வடித்தபின் குழம்பு அங்கேயே சூடாறாமல் இருக்கும். கொடிபோல் பக்கத்தே படர்வதால் இப்பெயர் வந்தது என்று கொள்ள இடமுண்டு. புடையடுப்பு என்ற மற்றொரு பெயரும் இதே உறவைத்தான் சுட்டுகிறது. இரண்டு பெயர்களிலும் இரண்டாம் அடுப்பு முதல் அடுப்பின் பக்கமாகவோ கிளையாகவோ நிற்கிறது. முதலடுப்பை விடப் பெரிய கொடியடுப்பு என்பது பொருளற்ற தொடர்.

தனித்து நிற்கும் இரண்டாம் அடுப்புக்குத் தமிழில் வேறொரு பொருள் இருந்தது. கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் தனியே உலை வைத்தால் குடும்பம் பிரிந்தது என்று பொருள். பாகப்பத்திரம் பின்னால் வரும். அடுப்பு முன்னால் பிரிந்துவிடும். இந்தியக் குடிமதிப்பும் ஒரே சமையலறையில் உண்போரையே ஒரு குடும்பமாக எண்ணுகிறது. ஜப்பானியத்தில் அடுப்பைக் குறிக்கும் ‘கமாடோ’ என்ற சொல் குடும்பத்தையும் குறிக்கும். ‘கமாடோவைப் பிரித்தல்’ என்றால் தனிக்குடித்தனம் போதல். இங்கிலாந்தில் 1662 முதல் 1689 வரை வீட்டுக்கு எத்தனை அடுப்பு என்று எண்ணி வரி வாங்கினார்கள். ஆகவே ஒரு வீட்டில் இரண்டாவது அடுப்பு எதற்காக, எவ்வளவு பெரிதாக என்பது அடுக்களைக்குள் முடிந்துவிடும் செய்தியாக எங்கும் இருந்ததில்லை.

அந்தக் கேள்வி இப்போது புதிய உருவில் பெங்களூரின் தெற்குப் புறநகருக்கு வந்திருக்கிறது. ஆனேக்கல் வட்டத்தின் சந்தாபுரம், சர்ஜாபுரம், அத்திப்பள்ளி ஆகிய ஊர்களைச் சுற்றி எழுந்துள்ள தோட்ட வீடுகளில், முட்டை வடிவான கனத்த பீங்கான் கரியடுப்பு, அதாவது கமாடோ கிரில், வாங்கும் வசதி படைத்தோர் உள்ளனர். ஒன்றை வாங்கிச் சில ஆண்டுகள் பழகியவர் இரண்டாவதை வாங்க எண்ணும்போது பெரியதா, சிறியதா என்று தயங்குகிறார். விலை உயர்ந்த விளையாட்டுப் பொருள் என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அந்த வட்டத்தின் பழைய வீடுகள் இதே வினாவுக்கு வேறொரு கரியடுப்பைக் கொண்டு விடை கூறியிருக்கின்றன.

ஆனேக்கல், பெங்களூருக்கும் ஓசூருக்கும் இடைப்பட்ட பகுதி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். ஊர்ப்பெயரை யானைக்கல் என்றும், கன்னடத்தில் ஆலங்கட்டியைக் குறிக்கும் சொல் என்றும் இருவகையாக விளக்குவதுண்டு. கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்றும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைப்புறம் இது. கையால் தூக்கிச் செல்லத்தக்க சிறு கரியடுப்புக்கு இங்கே மூன்று பெயர்கள் உண்டு. தமிழில் குமுட்டி அல்லது கும்மட்டி. தெலுங்கில் கும்பட்டி. கன்னடத்தில் அக்கிஷ்டிகெ, இது அக்னிஷ்டிகா என்ற வடசொல்லின் திரிபு. கும்பட்டி, கும்மட்டி, குமுட்டி ஆகியவை ஒரே சொல்லின் வடிவங்கள் என்பது வெளிப்படை; தெலுங்கு வடிவில் நிற்கும் ‘ம்ப’ தமிழில் ‘ம்ம’ ஆகி, பின் மெலிந்திருக்கிறது. கன்னடத்திலும் கும்பட்டெ என்ற இணைச்சொல் உண்டு. அது பொற்கொல்லரின் உலையையும் குறிக்கும். தமிழ்நாட்டிலும் பொற்கொல்லர் பட்டறையில் குமுட்டி இன்றியமையாத கருவி. ‘அடுப்பு’ என்று பொருள்படும் கன்னட ‘ஒலெ’, தமிழ் ‘உலை’யோடு உறவுடையது. தமிழில் உலை கொல்லனுக்கும் சோற்றுப்பானைக்கும் பொதுவாக இருக்க, கன்னடத்தில் ஒலெ முதன்மையாகச் சமையலறையைச் சார்ந்தது.

பட்டறைக் கருவி என்பது அளவைப் பற்றிய செய்தியும்கூட. பொற்கொல்லருக்குத் தேவை ஓரிடத்தில் குவிந்த கடுஞ்சூடு. பரந்த தீ அவருக்குப் பயன்படாது. வீட்டுக் குமுட்டியும் அப்படியே. இரும்பு வாளியின் உட்புறத்தில் களிமண் பூசி, நடுவே தட்டியிட்டு, கீழே காற்றுக்கு ஒரு வாய் விட்டால் குமுட்டி தயார். இருகைப் பிடி கரி போதும். காப்பிக்கு வெந்நீர் வைக்க, பால் காய்ச்ச, அப்பளம் சுட, கஷாயம் வைக்க, குழந்தைக்குக் கஞ்சி கிண்ட அது பயன்பட்டது. பெரிய விறகடுப்பை மூட்டுவதற்கு முன்னரோ அணைத்த பின்னரோ நேரும் சிறு தேவைகளே அதன் ஆட்சிப்பரப்பு. முற்றத்துக்கும் திண்ணைக்கும் எடுத்துச் செல்லலாம். கதவடைத்த அறைக்குள் வைத்து உறங்கியோர் கரிநச்சு வளியால் மாண்டதும் உண்டு. புகையில்லாத கரி, புகை தரும் எச்சரிக்கையையும் தருவதில்லை.

பெரிய கரிச்சட்டியும் தமிழ் மரபுக்குப் புதிதன்று. நெடுநல்வாடை கூதிர்க்கால நகரைக் காட்டுமிடத்தில், மக்கள் குளிர்ந்த நீர்க்கலங்களை விடுத்து, அகன்ற வாயுடைய தடவு என்னும் கலத்தில் நெருப்பிட்டுக் குளிர்காய்கின்றனர். தொல்காப்பிய உரியியல் ‘தட’ என்ற சொல்லுக்குப் பெருமைப் பொருள் தருகிறது. தடவு என்ற கலப்பெயருக்கும் அதற்கும் உறவிருக்குமாயின், பலர் கூடிக் காயும் பெருங்கலம் என்பது பெயரிலேயே அமைந்துவிடுகிறது. தடவு கூட்டத்துக்கு உரியது. குமுட்டி ஒரு பாத்திரத்துக்கு உரியது. இந்த வேறுபாடு பின்வரும் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது.

ஜப்பானில் நிகழ்ந்ததும் இதுவே. அங்கே கமாடோ என்பது வீட்டோடு கட்டப்பட்ட நிலையடுப்பு. கலம் வைக்குமிடம் என்று சொற்பொருள் கூறுவர். அதற்குத் துணையாக ஷிச்சிரின் என்ற சிறு கரியடுப்பு வந்தது. நோட்டோ மூவலந்தீவின் டயாட்டம் மண்ணைக் கொண்டு அது செய்யப்படுகிறது; எடை குறைவு, வெப்பம் வெளியே கசியாது. ஏழு ரின் காசுக்கு வாங்கும் கரியே போதும் என்பதால் அப்பெயர் என்று ஒரு வழக்கு விளக்கம் உண்டு. அவ்விளக்கம் உண்மையோ கற்பனையோ, கரிச்செலவைப் பெயராகக் கொண்ட அடுப்பு என்று மக்கள் அதை நினைத்திருக்கிறார்கள். குமுட்டிக்கு உடன்பிறப்பு தேடுவோர் இங்கே தேட வேண்டும்.

இன்று கமாடோ என்று விற்கப்படும் கிரில் இவ்விரண்டும் அன்று. முஷி-கமாடோ என்ற மூடியுள்ள மண்ணடுப்பின் வழித்தோன்றல் அது. சோறு ஆக்குவதற்கு என ஏற்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படையினர் அதைத் தாயகத்துக்குக் கொண்டுபோய் இறைச்சி வாட்டப் பயன்படுத்தினர். 1974-இல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டாவில் தொடங்கிய ‘பிக் கிரீன் எக்’ நிறுவனம் அதற்கு நிலையான சந்தையை உருவாக்கியது. தொடக்ககால மண்ணுடல் வெடிப்புக்கு ஆளானதால் உறுதியான பீங்கான் அதன் இடத்தைப் பெற்றது. சோற்று அடுப்பு ஒன்று கடல் கடந்து இறைச்சி அடுப்பாகி, அரை நூற்றாண்டுக்குப் பின் சோறுண்ணும் நாட்டுக்கு இறைச்சி அடுப்பாகவே வந்து சேர்ந்திருக்கிறது. பெயர்ச்சொல் மட்டும் பழைய பொருளைச் சுமந்து நிற்கிறது.

அளவுகளின் பெயர்களில் ஒரு மயக்கம் உண்டு. சிறிது, நடுத்தரம், பெரிது, மிகப்பெரிது என்று வகைப்படுத்துவது கம்பித்தட்டின் விட்டத்தை வைத்து. பரவலான அளவுகளில் சிறியது 33 சென்டிமீட்டர், பெரியது 46, மிகப்பெரியது 61. எண்களாகப் பார்த்தால் 33-க்கும் 46-க்கும் இடையே பெரிய வேறுபாடு தோன்றாது. பரப்போ விட்டத்தின் வர்க்கமாக வளர்கிறது: 33 சென்டிமீட்டர் தட்டின் பரப்பு ஏறத்தாழ 855 சதுர சென்டிமீட்டர், 46-க்கு 1,660, 61-க்கு 2,920. ஆகவே பெரியது சிறியதைப் போல இருமடங்கு. மிகப்பெரியது மூன்று மடங்குக்கும் மேல்.

எடையும் அவ்வாறே வளர்கிறது. பெரிய அளவு சுமார் 70 கிலோ. சிறியது அதில் பாதி. உணவு வேகத் தொடங்குமுன் சுவர் சூடேற வேண்டும். ஒரு கிலோ பீங்கானை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 0.9 கிலோஜூல் வேண்டும் என்றும், சுவர் சராசரியாக 100 பாகை ஏறுகிறது என்றும் கொண்டால், 70 கிலோவுக்கு 6.3 மெகாஜூல். ஒரு கிலோ நல்ல கரியின் வெப்பம் சுமார் 30 மெகாஜூல். அப்படியானால் 210 கிராம் கரி சுவருக்கு மட்டுமே போய்விடுகிறது. சிறிய அடுப்புக்கு 105 கிராம். பத்து மணி நேரம் வேகும் பெரிய இறைச்சித் துண்டுக்கு இந்தக் கூடுதல் செலவு பொருட்டன்று. சூடேறிய சுவர் அதை நாள்முழுவதும் திருப்பித் தரும். மாலையில் நால்வருக்கு மீனோ சோளக்கதிரோ வாட்டுவதற்கு அதே அடுப்பை மூட்டினால் கரியும் முக்கால் மணி நேரமும் சுவரோடு போகும். மூடியை அடைத்துக் காற்றை நிறுத்தினால் மிஞ்சிய கரி மறுநாளைக்கு உதவும் என்பது உண்மை. இராமநாதபுரம் சீமைக்கருவேலக் கரிமூட்டத்தில் மண்பூச்சால் காற்றைத் தடுக்கும் உத்தியும் இதே அறிவுதான். ஆனால் சுவரில் ஏறிய சூட்டை மறுநாளைக்குச் சேமிக்க இயலாது.

அடுப்பின் அளவை அறிவியலாக ஆராய்ந்ததில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. புகையில்லா அடுப்பு முயற்சிகள் இந்தியாவில் 1940-களின் இறுதியிலேயே தொடங்கின. வார்தாவின் மகன்வாடியில் பிறந்த மகன் சூலாவும், ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு வடிவமைத்து 1953-இல் நூலாக விளக்கிய புகையில்லா அடுப்பும் முன்னோடிகள். இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய குமார் ரெட்டி 1974-இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ என்ற ஊரகத் தொழில்நுட்பப் பிரிவு, தும்கூர் மாவட்டத்து உங்ரா கிராமத்தைக் களமாகக் கொண்டது. அங்கிருந்து 1980-களில் வெளிவந்ததே அஸ்த்ரா ஒலெ: மூன்று கலங்கள், மூடிய தீயறை, தட்டி, புகைபோக்கி. அந்தப் பெயரில் ஒலெ என்ற ஊர்ச்சொல்லை விட்டுவைத்தது நல்ல முடிவு. பெங்களூரின் விறகுத் தேவையைப் பற்றி அவரும் சுதாகர ரெட்டியும் 1983-இல் எழுதிய ஆய்வு, நகர எரிபொருளை வர்க்கப் பிரிவோடு இணைத்துப் பார்த்தது. விறகை விலைகொடுத்து வாங்கி எரித்தோர் நகரத்து ஏழைகளே.

பல கலங்களுக்கான மூடிய அடுப்பில் ஓர் இக்கட்டு உண்டு. எல்லாத் துளைகளிலும் பொருத்தமான பாத்திரம் அமர்ந்திருந்தால்தான் அது புகையில்லா அடுப்பு. ஒரு துளை வெறுமையாக இருந்தாலும், வீட்டுப் பானை துளையைவிடச் சிறியதாக இருந்தாலும், புகை அந்த வழியே வெளியேறி அடுக்களைப் பெண்ணின் கண்ணுக்கே வரும். 1980-களின் முற்பகுதியில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. பராமரிப்பின்மையும் மானியக் கணக்கும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. வீட்டுப் பானையை அளக்காமல் அடுப்பை அளந்ததும் ஒரு காரணம்.

இலங்கையின் ‘அனகி’ அடுப்பு இவ்வகையில் தெளிவான எதிர்ச்சான்று. 1980-களின் நடுப்பகுதியில் உருவான அது சுடுமண்ணாலான ஒரே துண்டு. முன்வாயில் விறகு, முதல் பானை அதன்மேல், தீ சிறு குகைவழியே சென்று இரண்டாம் பானையை அடையும். அமைப்பில் அது கொடியடுப்பேதான். அதைச் சுடும் குயவர்களுக்கு அளவுச்சட்டங்களும் பயிற்சியும் தரப்பட்டன. களிமண் காயும்போதும் வேகும்போதும் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். வனைந்த அளவு வேறு, சூளையிலிருந்து எடுக்கும் அளவு வேறு. அந்தச் சுருக்கத்தை முன்கூட்டிக் கணக்கில் கொள்ளாவிட்டால் பானைக்கும் வாய்க்கும் இடையிலான இடுக்கு மாறி, தீயின் போக்கே கெடும். வல்லுநர் வரைந்ததைக் குயவர் கையில் ஒப்படைத்து, சந்தையில் காசுக்கு விற்கச் செய்ததால் அனகி நிலைத்தது.

குமுட்டியை வீழ்த்தியது எந்த மேம்பட்ட அடுப்பும் அன்று; மண்ணெண்ணெய் ஸ்டவ்வும், 1965-இல் அறிமுகமான இண்டேன் எரிவாயுவும்தான். எரிவாயு அடுப்பு பெரிய பர்னரும் சிறிய பர்னரும் பக்கத்துப் பக்கத்தில் கொண்டு வந்தபோது, கொடியடுப்பின் அளவு விகிதம் எஃகுத் தகட்டில் மறுபடி அமர்ந்தது.

ஆனேக்கல் தோட்ட வீட்டுக்காரரின் வினாவுக்கு வந்தால், முதல் அடுப்பு 46 சென்டிமீட்டராக இருக்கும்போது இரண்டாவது 33 ஆக இருப்பதே தகும். இரண்டையும் ஒருசேர மூட்டலாம்: பெரியதில் மெல்லிய தீயில் இறைச்சி, சிறியதில் கடுந்தீயில் காய்கறியோ ரொட்டியோ. நால்வர் உண்ணும் நாளில் சிறியது மட்டும் போதும். இருவர் பிடித்தால் இடம் மாற்றலாம். மிகப்பெரியதை நாடுவோர் கூறும் காரணம் பெரும்பாலும் விருந்து: ஆண்டுக்கு இருமுறை முப்பது பேர் வருவார்கள் என்பது. அந்தத் தேவைக்கு ஊரில் எக்காலத்தும் கோட்டையடுப்பு இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் கொல்லையில் நீளமாகப் பள்ளம் வெட்டி, இருபுறமும் கடன்வாங்கிய செங்கல்லை அடுக்கி, அண்டாக்களை வரிசையாக ஏற்றுவார்கள். பந்தி முடிந்த மறுநாள் செங்கல் உரியவரிடம் போகும். பள்ளத்தை மண் மூடும்.