கொம்பொலியும் கூம்பொலியும்

ஒலியைத் தொலைவுக்கு அனுப்பும் வேட்கை தமிழர்க்குப் புதியதன்று. சங்க காலத்து வேந்தன் தன் முரசுக்குத் தனிக் கட்டில் இட்டுப் போற்றினான். கோயில் விழாக்களில் கொம்பும் தாரையும் எக்காளமும் திருச்சின்னமும் இறைவன் எழுந்தருளும் செய்தியை ஊர் எல்லை வரை அறிவித்தன. இக்கருவிகள் யாவும் வாய்ப்புறம் குறுகியும் மறுபுறம் விரிந்தும் அமைந்திருத்தலை நாம் காணலாம். நாதசுவரத்தை எடுத்துக்கொள்வோம். விரல் நுனியளவே உள்ள சீவாளியில் பிறக்கும் அதிர்வு, உலவின் வழியே நடந்து, அகன்ற அணசின் வழியே வெளிப்பட்டு, நான்கு மாட வீதிகளையும் நிறைக்கின்றது. சிறியதிற் பிறந்த ஒலி விரிந்த வாயால் பெரிதாகும் என்னும் உண்மையை நம் முன்னோர் செவியாலும் கையாலும் அறிந்திருந்தனர்.

இவ்வுண்மையை மின்னாற்றலோடு இணைத்த கருவியே கூம்பு ஒலிபெருக்கி. பழைய, பெரிய கூம்பு ஒலிபெருக்கிகளைத் தேடி வாங்கி, பழுது நீக்கி, செம்மைப்படுத்தி, இல்லத்தில் வைத்து இசை கேட்பதை ஓர் இனிய பொழுதுபோக்காகக் கொண்டோர் இன்று பல நாடுகளிலும் உளர். இது செல்வர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் மயூர் விஹார் போன்ற இடங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கருவியோடு ஒரு தனி உறவு உண்டு. அவ்வுறவை எடுத்துக்காட்டுவதும், இப்பொழுதுபோக்கில் இறங்குவோர் எதைக் காக்க வேண்டும் என்பதை ஆராய்வதும் நம் நோக்கமாகும்.

கூம்பு பிறந்த வரலாறு

1911ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் தில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டுத் தர்பார் நடந்தது. பல்லாயிரவர் கூடிய அப்பெருவெளியில் ஒலிபெருக்கி கிடையாது. கட்டியங்காரரும் எக்காளமுமே மன்னரின் ஆணையை அறிவித்தனர். இந்நிலை மாற நெடுநாள் ஆகவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிடாம் என்னும் இருவர், காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச்சுருளைக் கூம்போடு பொருத்தி, 1915ஆம் ஆண்டு கிறித்துமசு முந்நாள் மாலை சான்பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்தின்முன் இயக்கிக் காட்டினர். 1919இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் சான்டியாகோ நகரில் இக்கருவியின் துணையோடு உரையாற்றினார்.

அடுத்து வந்தது பேசும்படம். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1926இல் வெளியிட்ட 555 என்னும் யூனிட், ஆளுயரத்தை விஞ்சிய மாபெரும் கூம்புகளுடன் திரையரங்குகளில் அமர்ந்தது. அக்காலத்து வால்வு ஆம்பிளிபையர்கள் ஏழெட்டு வாட் ஆற்றலையே தந்தன. அச்சிறிய ஆற்றலைக் கொண்டு ஆயிரம் பேர் கொண்ட அரங்கை நிறைத்தாக வேண்டும். அத்தேவையே கூம்பை வளர்த்தது.

இதன் இயல்பை எளிதாகக் கூறுவோம். காற்று மிக இலேசானது. தகடோ காகிதமோ அதைத் தள்ளும்போது ஆற்றலின் பெரும்பகுதி வீணாகின்றது. 1925இல் ரைஸ், கெல்லாக் என்னும் அறிஞர்கள் உருவாக்கிய காகித ஒலிபெருக்கியின் வழிவந்தவையே இன்று நம் வீடுகளில் உள்ளவை. அவை பெறும் மின்னாற்றலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே ஒலியாக மாறும். கூம்போ குறுகிய கழுத்தில் காற்றை இறுக்கிப் பிடித்து, சிறிது சிறிதாக விரித்து வெளியே விடுகின்றது. அதனால் நூற்றுக்கு இருபது பங்கும் அதற்கு மேலும் ஒலியாகும். தகடு மிகச் சிறிதே அசைவதால் ஒலியும் தெளிவாக இருக்கும். தவிலின் முதல் அடி செவியில் விழும் அந்தத் துடிப்பைக் கூம்பு போலத் தருவது அரிது.

1936இல் எம்.ஜி.எம். படநிறுவனத்தின் ஷியரர் கூம்பும், 1945இல் ஆல்டெக் லான்சிங் நிறுவனத்தின் 'வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்' வரிசையும் திரையரங்குகளுக்கு வந்தன. 1946இல் பால் கிளிப்ஷ் என்பவர், அறையின் மூலையில் பொருந்தி நின்று இரு சுவர்களையும் தன் வாயாகவே ஆக்கிக்கொள்ளும் கூம்பை வீட்டுக்கெனச் செய்தார். பின்னர் ஆற்றல் மிகுந்த ஆம்பிளிபையர்கள் மலிந்தன. திரையரங்குகள் பழைய கூம்புகளைக் கழித்தன. அமெரிக்கா கழித்ததை முதலில் போற்றி வாங்கியோருள் ஜப்பானியர் குறிப்பிடத்தக்கோர். பிரான்சு நாட்டவரும் கொரியரும் பின்தொடர்ந்தனர். தென்கொரியாவின் ஹேய்ரி கலைக்கிராமத்தில் உள்ள கேமராட்டா இசைக்கூடத்தில், பழைய திரையரங்குக் கூம்புகளின் முன் மக்கள் அமைதியாக அமர்ந்து இசை கேட்கின்றனர்.

ஊரின் பொதுச் செவி

தமிழகத்தில் கூம்பு பெற்ற வாழ்வு வேறு. அங்கே அது தனி ஒருவரின் செவிக்கென அமையவில்லை. ஊருக்கே பொதுச் செவியாயிற்று. 1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி தன் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது, வானொலிப் பெட்டி வாங்க இயலாதோரும் கேட்குமாறு மெரினா கடற்கரை முதலிய பொதுவிடங்களில் ஒலிபெருக்கிகளை அமைத்தது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றுவதற்கு முன்னரே, மாலைப்பொழுதில் கடற்காற்றோடு இசையும் மக்களுக்குக் கிடைத்தது. 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்தபின் பேசும்படம் ஊர்தோறும் பரவிற்று. டூரிங் டாக்கீசுகளின் கொட்டகை உச்சியில் கட்டிய குழாய், பாட்டை நிறுத்தியதும் படம் தொடங்கப்போகிறது என்று வயல்வெளியில் இருந்தோரும் அறிந்தனர்.

குரலையே இக்கருவி மாற்றியமைத்தது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் முதலிய நாடகக் கலைஞர்கள் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு உச்சக் குரலில் பாடிப் பழகிய காலம் ஒன்றுண்டு. மைக் வந்தபின் தாழ்ந்த குரலும் மென்மையான கமகமும் அவையேறின. மேடைப் பேச்சும் அவ்வாறே. பல்லாயிரவர் கூடிய திடலில் ஒருவர் உரையாடுவது போலவே பேசலாம் என்னும் நிலை ஒலிபெருக்கியால் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் மேடைத்தமிழ் வரலாற்றை எழுதுவோர் கூம்பைக் குறிப்பிடாது செல்லுதல் இயலாது.

விடுதலைப் போரிலும் இதற்குப் பங்குண்டு. காந்தியடிகளும் நேருவும் பேசும் பழைய படங்களில் மைக்கின்மீது 'சிகாகோ ரேடியோ' என்னும் பெயரைக் காணலாம். பெயர் அயல்நாட்டதாயினும், அது மோட்வானே குடும்பத்தினர் நடத்திய இந்திய நிறுவனம். அக்குடும்பத்தைச் சேர்ந்த நானிக் மோட்வானே காங்கிரசுக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கிகளை அளித்தார். 1942இல் உஷா மேத்தா முதலியோர் மறைவாக நடத்திய காங்கிரசு வானொலி வழக்கில் அவரும் கைதாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டார்.

நம் ஊர்க் கோயில் அரசமரத்தில் கட்டிய குழாய்களை நினைவுகூர்வோம். அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் 'அகுஜா' என்னும் எழுத்துகள் இருந்தன. 1940 முதல் இத்தொழிலில் நிற்கும் அந்நிறுவனம் தில்லியைச் சேர்ந்தது. அதன் அலுவலகம் ஓக்லாவில் உள்ளது. மார்கழி விடியலில் திருப்பாவையையும், மாரியம்மன் கொடைவிழாவில் சீர்காழியாரின் குரலையும் நமக்குக் கொண்டுவந்த குழாய் தில்லியிலிருந்து வந்தது. அதைக் கேட்டு வளர்ந்தோர் பிழைப்புத் தேடித் தில்லிக்கு வந்தனர். யமுனையின் கீழ்க்கரையில் மயூர் விஹாரில் குடியேறினர். ஆற்றுக்கு அக்கரையிலேயே ஓக்லா. நம் ஊரின் குரல் புறப்பட்ட திசைக்கே நாமும் வந்து சேர்ந்துள்ளோம் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

ஓசை தந்த துன்பமும் சட்டமும்

கூம்பைப் புகழ்வோர் அதனால் விளைந்த துன்பத்தை மறைத்தல் முறையன்று. நோயாளியும் தேர்வுக்குப் படிக்கும் மாணவனும் கைக்குழந்தையின் தாயும் அதன் வாயிலிருந்து தப்ப இடமின்றித் தவித்ததுண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என வரம்பு வகுத்தன. சென்னைக் குடியிருப்பு ஒன்றுக்கும் வழிபாட்டு மன்றம் ஒன்றுக்கும் இடையே எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வழியே வழிபடுமாறு எச்சமயமும் விதிக்கவில்லை என்று உச்சநீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் தீர்ப்பளித்தது. 2005 ஜூலையில் மற்றொரு தீர்ப்பால் இரவு நேரக் கட்டுப்பாட்டை மேலும் உறுதிசெய்தது.

இவை வேண்டிய கட்டுப்பாடுகளே. ஆயினும் இவற்றோடு பெட்டி ஒலிபெருக்கிகளின் வரவும் சேர்ந்து, ஊர்க் குழாய்கள் மரத்திலிருந்து இறங்கின. இறங்கியவை பழைய இரும்புக் கடைக்குச் சென்று, அலுமினியம் என எடைபோட்டு விற்கப்பட்டன. ஆடிப்பெருக்கன்று ஏடுகளை ஆற்றில் விட்ட தலைமுறையை நாம் இன்று குறைகூறுகின்றோம். நம் காலத்து ஏடுகளை நாமே எடைக்குப் போடுகின்றோம் என்பதை உணர்ந்தோமில்லை.

வாங்குவோர் அறியத்தக்கவை

இந்நிலையிலேதான் பொழுதுபோக்காளரின் பணி மதிப்புப் பெறுகின்றது. பழைய கூம்பை வாங்கச் செல்வோர் முதலில் யூனிட்டை நோக்குதல் வேண்டும். மீட்டர் வைத்துக் காயில் அறுபடாதிருத்தலை அறியலாம். குறைந்த ஒலியில் ஒரு குரலைப் பாடவிட்டுக் கேட்டால், காயில் காந்தத்தில் உரசும் கரகரப்பு வெளிப்படும். தகடு பழையதா, பின்னாளில் மாற்றியதா என்று கேட்டறிதல் நலம். மிகப் பழைய யூனிட்டுகளில் நிலைக்காந்தம் இராது. காந்தச்சுருளுக்குத் தனி மின்சாரம் தரவேண்டும். ஊர்க் குழாய்களில் பெரும்பாலும் லைன் டிரான்ஸ்பார்மர் இருக்கும். வீட்டு ஆம்பிளிபையரோடு நேரே இணைக்கும்முன் அதனைக் கவனித்தாக வேண்டும்.

அடுத்து அளவு. தாழ்ந்த சுருதிக்கு அகன்ற வாய் வேண்டும். நொடிக்கு 100 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். அதைச் செவ்வனே வெளியிடக் கூம்பின் வாய்ச் சுற்றளவு அந்த அளவை நெருங்குதல் வேண்டும். அஃதாவது வாயின் குறுக்களவு ஒரு மீட்டருக்கு மேல். ஊர்க் குழாயில் பேச்சு தெளிவாகவும், மிருதங்கத்தின் தொப்பி ஒலி மங்கியும் கேட்டதன் காரணம் இதுவே. மயூர் விஹாரின் அடுக்குமாடி வீட்டில் அத்தகைய வாய்க்கு இடமேது? ஆகவே தாழ்ந்த ஒலிக்குக் காகித ஒலிபெருக்கிப் பெட்டியையும், நடு, உயர் ஒலிகளுக்குக் கூம்பையும் சேர்ப்பதே பலரும் கொள்ளும் வழி. இரண்டும் முன்பின்னாக 34 சென்டிமீட்டர் விலகினால் ஒலி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிந்தும். எனவே அவற்றை நிரல்படுத்துவதிலேயே இன்பத்தின் பாதி அடங்கியுள்ளது. நற்கூம்புக்கு ஒரு வாட் ஆற்றலே ஓர் அறைக்கு மிகுதி என்பதால், ஒலியைத் தாழ்த்தி வைத்தாலும் சுவை குன்றாது. அண்டை வீட்டார்க்கு இடையூறு நேராது கேட்டல் இவ்வகையில் இயல்வதே.

செம்மையும் சிதைவும்

மேம்படுத்தல் என்னும் சொல்லைப் பற்றி இறுதியாக ஒன்று கூறுவோம். உலர்ந்துபோன கண்டென்சரை மாற்றுதல், நலிந்த காந்தத்துக்கு மீண்டும் காந்தமூட்டுதல், கிழிந்த காகித விளிம்பை ஒட்டுதல், கூம்பின் உலோக ஓலத்தை அடக்கப் புறத்தே கம்பளித் துணி சுற்றுதல் ஆகியன செம்மைகள். வாயை அறுத்து வேறு யூனிட் பொருத்துதலும், பழைய வண்ணத்தையும் எழுத்துகளையும் சுரண்டி மெருகிடுதலும் சிதைவுகள். திருப்பணி என்னும் நல்லெண்ணத்தோடு மணல்வீச்சு நடத்திக் கல்வெட்டுகளைத் தேய்த்த கோயில்களை நாம் அறிவோம். குழாயின் பின்புறத்தில் மைக் செட்காரர் வண்ணத்தால் எழுதிய தம் கடைப்பெயரும் ஊர்ப்பெயரும் ஒருவகையில் கல்வெட்டே. எந்த மாற்றமும் பின்வருவோர் மீண்டும் பழைய நிலைக்குக் கொணரத்தக்கதாய் இருத்தல் வேண்டும். கழற்றிய உறுப்பையும் ஒரு பையிலிட்டுக் கருவியோடு வைத்தல் வேண்டும். உ.வே. சாமிநாதையர் தாம் கொண்ட பாடத்தோடு பாடபேதங்களையும் பதிப்பில் காட்டினார். நாம் பின்பற்றத்தக்க நெறி அதுவே.

மற்றொரு கடமையும் உண்டு. கூம்பு எந்த ஊரில், யாரிடத்தில், எந்தக் கோயில் விழாவில் ஒலித்தது என்பதை விற்பவரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி அதனோடு வைப்போமாக. மைக் செட் நடத்திய பெரியோர் முதுமை எய்திவிட்டனர். எந்தப் பாட்டை முதலில் போடுவது, எந்தத் திசைக்குக் குழாயைத் திருப்புவது, இழவு வீடு இருக்கும் தெருவில் எப்போது நிறுத்துவது என்னும் அவர்தம் நெறிகளை யாரும் எழுதிவைத்தாரில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நம் பிள்ளைகளை அவர்களிடம் அழைத்துச் சென்று கேட்கச் செய்தல் கடினமான செயலன்று.

தில்லியில் பிறந்த நம் பிள்ளைகள் அரசமரத்துக் குழாயைக் கேட்டதில்லை. ஒரு ஞாயிறு மாலை, செம்மை செய்த பழைய கூம்பின்முன் அவர்களை அமர்த்தி, நாதசுவர இசைத்தட்டு ஒன்றை மெல்லிய ஒலியில் சுழலவிடுவோம். தாத்தாவின் ஊர் எவ்வாறு ஒலித்தது என்று அவர்கள் கேட்டால், விடை சொல்ல நம்மிடம் கருவியும் இருக்கும். அதன் கதையை எழுதிய தாளும் இருக்கும்.