கேமரா வந்த பிறகுதான் கோதுமை வந்தது!

புயல், வெள்ளம், பூகம்பம், சுனாமி... இவையெல்லாம் ஒரே நாளில் வந்துவிடும். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அதுதான் முதல் பக்கம். வறட்சி அப்படி வராது. ஒரு மழை பொய்க்கும். "அடுத்த மழை வரும்" என்று காத்திருப்பார்கள். அதுவும் பொய்க்கும். ஆடு மாடு விலை இறங்கும், தானிய விலை ஏறும். விதைக்கு வைத்திருந்ததையும் எடுத்துச் சாப்பிடுவார்கள். பிறகு ஊரைக் காலி செய்துவிட்டு நடப்பார்கள். இதற்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகும். இதில் எந்த நாளை "இன்றைய முக்கியச் செய்தி" என்று போடுவது?

நிவாரண அமைப்புகளில் செய்தித் தொடர்பு வேலை பார்ப்பவர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கும் தலைவலி இதுதான். பணம் வேண்டுமானால் செய்தி வர வேண்டும். செய்தி வர வேண்டுமானால் படம் வேண்டும். படம் கிடைக்கும்போதோ ஜனங்கள் செத்துக்கொண்டிருப்பார்கள்!

டிவிக்கு முன்பே...

நம்ம ஊர் தாது வருஷப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது 1876-ல். கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு லண்டன் மேயருக்குத் தந்தி அடித்து நன்கொடை கேட்டது 1877 ஆகஸ்டில். நடுவில் பல மாதங்கள் போய்விட்டன. அந்த நிதி திரட்டும் வேலைக்குச் செயலாளராக இருந்தவர் வில்லியம் டிக்பி. அவர் 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர்! அதாவது நிவாரணத்துக்குப் பத்திரிகைக்காரர் தேவை என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த எலும்பும் தோலுமான மனிதர்களின் போட்டோக்களும் அந்தப் பஞ்சத்தில் எடுக்கப்பட்டவைதான்.

டிவி வந்த பிறகு இந்தக் கதை இன்னும் பெரிதானது. அதற்கு எத்தியோப்பியாவைப் பார்க்க வேண்டும்.

ஒரு படம் கவிழ்த்த அரியணை

1973-ல் எத்தியோப்பியாவின் வோலோ பகுதியில் கடும் பஞ்சம். பேரரசர் ஹெய்லி செலாசியின் அரசாங்கம் அதை வெளியே தெரியாமல் மூடி மறைத்தது. அந்த அக்டோபரில் ஜொனாதன் டிம்பிள்பி என்ற பிரிட்டிஷ் நிருபரின் படம் ஐடிவியில் ஒளிபரப்பானது. பெயர் 'அறியப்படாத பஞ்சம்'. பிரிட்டனில் நன்கொடை குவிந்தது.

கதை அதோடு முடியவில்லை. மறுவருஷம் செப்டம்பரில் ராணுவக் குழு ஒன்று அதே படத்தை எடுத்து, நடுநடுவே பேரரசரின் அரண்மனை விருந்துக் காட்சிகளைச் சேர்த்து எத்தியோப்பிய டிவியில் போட்டது. மறுநாள், 1974 செப்டம்பர் 12-ல், பேரரசரைப் பதவியிலிருந்து இறக்கியது. பசியின் படம் பணம் மட்டும் திரட்டாது, அரசாங்கத்தையும் கவிழ்க்கும் என்பதைப் புதிய ஆட்சியாளர்களே நேரில் பார்த்தார்கள். பத்து வருஷம் கழித்து அவர்கள் கேமராவுக்குப் பயந்ததில் ஆச்சரியம் இல்லை.

1984

1984 மார்ச்சில் எத்தியோப்பிய அரசின் நிவாரண ஆணையமே நன்கொடை நாடுகளைக் கூட்டி எச்சரித்தது: சுமார் 50 லட்சம் பேர் ஆபத்தில் இருக்கிறார்கள், தானியம் வேண்டும். யாரும் பெரிதாக அசையவில்லை. பனிப்போர் காலம். சோவியத் பக்கம் சாய்ந்த ராணுவ அரசை மேற்கு நாடுகள் நம்பத் தயாராக இல்லை. ஜூலையில் பிரிட்டனில் ஒரு ஆவணப்படம் வந்தது, நிவாரண அமைப்புகள் சேர்ந்து டிவியில் வேண்டுகோள் விட்டன, பணமும் வந்தது. ஆனால் கொஞ்ச நாளில் பேச்சு அடங்கிவிட்டது. செப்டம்பரில் மெங்கிஸ்து அரசு புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவைத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஆடம்பரமாகக் கொண்டாடியது. வடக்கே போக நிருபர்களுக்கு அனுமதி இல்லை.

அக்டோபரில்தான் பிபிசியின் மைக்கேல் பர்க்கும், நைரோபியில் பிறந்த கேமராமேன் முகமது அமீனும் வடக்கே மெக்கலே, கொரம் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கொரம் முகாமில் விடியற்காலைக் குளிரில், பனிமூட்டத்துக்கு நடுவே, ஆயிரக்கணக்கானவர்கள் தரையில் கிடந்தார்கள். இரவில் இறந்தவர்களைத் துணியில் சுற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். மெக்கலேயில் கிளேர் பெர்ட்சிங்கர் என்ற செஞ்சிலுவைச் சங்க நர்ஸ், உணவுக்காகக் காத்திருந்த நூற்றுக்கணக்கான குழந்தைகளில் அறுபது எழுபது பேரை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்குக் கொடுக்க உணவு இல்லை.

1984 அக்டோபர் 23-ல் அந்தச் செய்தி ஒளிபரப்பானது. நீளம் சுமார் ஏழு நிமிடம்தான். உலகம் முழுக்க 400-க்கும் மேற்பட்ட தொலைக்காட்சிகள் அதை எடுத்துப் போட்டன. மார்ச்சில் 50 லட்சம் என்ற எண்ணுக்கு அசையாதவர்கள் ஏழு நிமிடப் படத்துக்கு அசைந்தார்கள். சில நாட்களிலேயே பிரிட்டிஷ் விமானப்படை விமானங்கள் தானியம் ஏற்றிப் பறந்தன. பாடகர் பாப் கெல்டாஃப் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் டிசம்பரில் 'பேண்ட் எய்ட்' பாட்டை வெளியிட்டார். 1985 ஜூலை 13-ல் லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் 'லைவ் எய்ட்' கச்சேரி.

எத்தனை உயிர் பிழைத்தது என்று சொல்ல முடியாவிட்டாலும், பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால் அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் நான்கு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் இடையில் போன ஏழு மாதங்களின் கணக்கும் அதில் இருக்கிறது.

படத்தில் வராதது

மழை பொய்த்தது உண்மை. ஆனால் பஞ்சத்துக்கு மழை மட்டும் காரணம் இல்லை. டிக்ரேயிலும் எரித்திரியாவிலும் அரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. ராணுவம் சந்தைகள் மீது குண்டு போட்டது, கிராமங்களைச் சுற்றி வளைத்தது, தானியப் போக்குவரத்தைத் தடுத்தது. ஆய்வாளர் அலெக்ஸ் டி வால் பிறகு இதை விரிவாக எழுதினார். பசித்த குழந்தையின் முகத்தில் இந்த அரசியல் தெரியாது. பார்ப்பவருக்கு "பாவம், மழை இல்லை" என்றுதான் தோன்றும்.

நிவாரண அமைப்புகளுக்கும் அது வசதியாக இருந்தது. வறட்சி என்று சொன்னால் பணம் வரும், போர் என்று சொன்னால் அரசு வெளியேற்றிவிடும்! வடக்கிலிருந்து சுமார் ஆறு லட்சம் பேரைத் தெற்கே கொண்டுபோய்க் குடியமர்த்தும் திட்டத்தில், ஏராளமானவர்களைக் கட்டாயப்படுத்தி ஏற்றிச் சென்றார்கள். 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு இதை வெளிப்படையாகக் கண்டித்தது. 1985 டிசம்பரில் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டது. வாயைத் திறந்தால் நோயாளியை விட்டுப் போக வேண்டும், மூடிக்கொண்டால் உண்மையை விட்டுவிட வேண்டும். இரண்டில் எது சரி என்ற சண்டை இன்றுவரை தீரவில்லை.

இன்னொரு குறையும் இருந்தது. அந்தப் படங்களில் வெள்ளைக்கார நர்ஸ் பேசினார், நிருபர் பேசினார். முகாமில் இருந்த தாய் பேசவே இல்லை. இரவு பகலாக வேலை பார்த்த எத்தியோப்பிய ஊழியர்களும் திரையில் காணோம். ஆப்பிரிக்கா என்றாலே ஈ மொய்க்கும் குழந்தை என்று ஒரு தலைமுறை மனதில் பதிந்துபோனது. இந்தக் கோபத்தில்தான் 1989-ல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் படங்களுக்கென்றே ஒரு நடத்தை விதியை எழுதின. 1994-ல் வந்த செஞ்சிலுவை இயக்க நடத்தை விதிகளின் பத்தாவது விதியும் இதுதான்: விளம்பரத்தில் பாதிக்கப்பட்டவர்களைக் கையாலாகாதவர்களாக அல்ல, கண்ணியமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும்.

பாடம் படித்தார்களா?

1985-ல் அமெரிக்கா பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு ஒன்றைத் தொடங்கியது. மழை, பயிர், சந்தை விலை எல்லாவற்றையும் கவனித்து முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. 2010 ஆகஸ்டிலேயே அது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எச்சரிக்கை கொடுத்தது. என்ன நடந்தது? திரும்பவும் அதே கதை! 2011 ஜூலையில் சோமாலியர்கள் கூட்டம் கூட்டமாகக் கென்யாவின் தடாப் முகாமுக்கு நடந்து வந்து சேர்ந்தபோதுதான் கேமராக்கள் போயின. ஜூலை 20-ல் ஐ.நா. "பஞ்சம்" என்று அறிவித்தது.

அந்த வார்த்தைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 20 சதவீதக் குடும்பங்களுக்கு உணவு அறவே இல்லை, 30 சதவீதக் குழந்தைகளுக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, தினமும் 10,000 பேருக்கு 2 பேர் சாவு. மூன்றும் இருந்தால்தான் "பஞ்சம்". அதாவது அந்த வார்த்தை வரும்போதே ஜனங்கள் செத்துக்கொண்டிருப்பார்கள்! அல்-ஷபாப் பல அமைப்புகளை உள்ளே விடாததும், அமெரிக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டங்களும் நிலைமையை இன்னும் மோசமாக்கின. 2013-ல் வெளியான ஆய்வு சுமார் 2,58,000 பேர் இறந்ததாகச் சொன்னது. பாதிப் பேர் ஐந்து வயதுக்குக் கீழ்.

2017-ல் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. சோமாலியாவில் மறுபடி மழை பொய்த்தபோது, வருஷ ஆரம்பத்திலேயே "2011 திரும்பி வருகிறது" என்று அமைப்புகள் சத்தம் போட்டன. செத்த குழந்தையின் படத்துக்காகக் காத்திருக்கவில்லை. செத்த ஆடுகள், வற்றிய கிணறு, ஏறிய விலை இதையே செய்தியாக்கினார்கள். பணம் சீக்கிரம் வந்தது, பல லட்சம் பேருக்கு மொபைல் வழியாகவே பணம் போனது. பஞ்சம் தவிர்க்கப்பட்டது. 2011-ல் தொடங்கிய 'ரேடியோ எர்கோ' போன்ற சோமாலி மொழி வானொலியில் கிராமத்து ஜனங்களே இலவச எண்ணுக்குப் போன் செய்து தங்கள் நிலைமையைச் சொல்கிறார்கள். 1984-ல் பேசாத அந்தத் தாய், இங்கே பேசுகிறாள்.

ஆனாலும் முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. 2022 வறட்சியில் சோமாலியாவில் "பஞ்சம்" என்ற அறிவிப்பு வரவே இல்லை. ஆனால் அந்த ஒரு வருஷத்தில் கூடுதலாக 43,000 பேர் இறந்திருக்கலாம் என்று அடுத்த வருஷம் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த நேரம் உலகத்தின் கேமராக்கள் உக்ரைனில் இருந்தன.

வறட்சிச் செய்தி எழுதுபவரின் வெற்றி ஒரு விசித்திரமான வெற்றி. அவர் சரியான நேரத்தில் கத்தி, தானியமும் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால், படம் பிடிக்க அங்கே எதுவும் இருக்காது. "அன்றைக்கு ஏன் அவ்வளவு பயமுறுத்தினீர்கள், ஒன்றும் நடக்கவில்லையே" என்றுகூடக் கேட்பார்கள். விருதும் கிடைக்காது, கச்சேரியும் நடக்காது. ஆடு செத்ததைச் செய்தியாகப் படிக்கும் பொறுமை நமக்கு இருந்தால், குழந்தை செத்த செய்தியைப் படிக்க வேண்டி இருக்காது.