88 சதவீதமும் ஒரு ஷிப்ட் பஸ்ஸும்

நம்ம வீடு செம்பரம்பாக்கத்துல. காலங்கார்த்தால பெங்களூர் ஹைவேயில நின்னா வரிசையா கம்பெனி பஸ்ஸா போகும். ஜன்னல்ல தலை சாய்ச்சுத் தூங்கிட்டுப் போற பொண்ணுங்களைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு ஒரு பழைய செய்தி ஞாபகம் வரும்.

2010 அக்டோபர் 31. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை. பேனல் லோடிங் மெஷின்ல கழுத்து மாட்டி, இருபதுகளின் தொடக்கத்துல இருந்த ஒரு பெண் இறந்துட்டாங்க. உற்பத்தி நிக்கக் கூடாதுன்னு சென்சாரை அணைச்சு வெச்சிருந்ததா தொழிலாளர் தரப்புல குற்றச்சாட்டு எழுந்தது. அதே வருஷம் ஜூலையில பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில வாந்தி, மயக்கம்னு நூத்துக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

இப்படி ஒரு செய்தி வந்தா நாம கேக்கற முதல் கேள்வி என்ன? "அந்தப் பொண்ணு ஏன் தலையை உள்ளே விட்டுச்சு?"

இந்தக் கேள்விக்கும் வரலாறு இருக்கு. ஹெய்ன்ரிச்னு ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் 1931ல ஒரு புத்தகம் போட்டார். விபத்துல 88 சதவீதம் ஆளுங்களோட தவறான செயலால, 10 சதவீதம் மெஷினும் சூழலும் சரியில்லாததால, மீதி 2 தவிர்க்கவே முடியாததுன்னார். கணக்கு எடுத்தது இன்சூரன்ஸ் கோப்புலயும் ஆலைப் பதிவேட்டுலயும். அந்தப் பதிவை எழுதறது அடிபட்டவங்க இல்லீங்க, பெரும்பாலும் சூப்பர்வைசர்!

நம்மூர் 1948 தொழிற்சாலைச் சட்டம் வேற மாதிரி யோசிச்சது. ஆபத்தான, சுத்துற பாகங்களுக்குத் தடுப்பு போடணும்னு 21ஆம் பிரிவு சொன்னது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் வேலைன்னது 54ஆம் பிரிவு. அசந்துபோன மனுஷன் தப்பு செய்வான், அது தெரிஞ்சுதான் ரெண்டும். 2023 ஏப்ரல் 21ல 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம்ம சட்டசபையில நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே 1ல வாபஸ்னு அறிவிச்சது ஞாபகம் இருக்கும்.

சொந்தக் கதை ஒண்ணு. ஒருநாள் ராத்திரி ரெண்டு மணி, பதினாலாவது மணி நேர வேலை. டெஸ்ட் டேபிள்னு நினைச்சு நிஜ டேபிளை அழிச்சுட்டேன். "ஏன்டா அழிச்சே?"ன்னு யாரும் கேக்கலை. "அழிக்கிற அனுமதி ஏன் இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. பேக்கப் இருந்தது, பொழைச்சேன்.

நோக்கியா ஆலையை 2014 நவம்பர்ல மூடிட்டாங்க. பஸ்ஸு மட்டும் வேற வேற கம்பெனி பேரோட இன்னும் ஓடுது. அதுல தூங்கறவங்களுக்குப் பேக்கப் கிடையாது. எனக்குக் கேட்ட அந்தக் கேள்வியை அவங்களுக்கும் கேக்கணும் இல்லையா மக்களே?