80,000 பேர் உட்கார்ந்த ஸ்டேடியம் ஏன் காலியானது?

2009 நவம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பான்டியாக் என்ற நகரம் ஒரு ஸ்டேடியத்தை ஏலம் விட்டது. 80,000 பேர் உட்காரலாம். சுற்றிலும் 127 ஏக்கர் நிலம். ஏலம் போன விலை 5,83,000 டாலர். இன்று எங்கள் பக்கத்துச் சபர்பில் ஒரு பெரிய வீடு அந்த விலைக்குப் போகும். 1975இல் அந்த ஸ்டேடியத்தைக் கட்ட ஆன செலவு 5 கோடியே 57 லட்சம் டாலர்.

அதன் பெயர் சில்வர்டோம். டெட்ராய்ட் லயன்ஸ் என்ற ஃபுட்பால் அணியின் வீடாக அது 27 சீசன்கள் இருந்தது. லண்டனிலும் டொராண்டோவிலும் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே ஃபுட்பால் என்றால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். ஆனால் நான் சொல்லப்போகும் வாதம் எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். ஸ்டேடியம் ஊருக்கு நடுவில் இருக்க வேண்டுமா, ஊருக்கு வெளியே இருக்க வேண்டுமா? உங்கள் ஊரிலும் யாராவது இதைப் பற்றிச் சண்டை போட்டிருப்பார்கள். டெட்ராய்ட் இரண்டையும் செய்து பார்த்த ஊர் என்பதால் அதன் கதையைச் சொல்கிறேன்.

ஏன் வெளியே போனார்கள்?

லயன்ஸ் அணி 1934 முதல் டெட்ராய்ட் நகருக்குள்தான் ஆடியது. டைகர் ஸ்டேடியம் என்பது பேஸ்பால் அணியின் மைதானம். அதில் லயன்ஸ் குடித்தனக்காரர் மாதிரி. தூண்கள் மறைக்கும், பழைய இருக்கைகள், குளிர்காலத்தில் பனி தலையில் கொட்டும். அணிக்குச் சொந்தமாக ஒரு கூரை போட்ட ஸ்டேடியம் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. டெட்ராய்ட் ஆற்றங்கரையில் ஒன்று கட்டலாம் என்று பேசினார்கள். அது கைகூடவில்லை.

அந்தக் காலத்து டெட்ராய்டைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதை புரியாது. 1967 ஜூலையில் நகரில் பெரும் கலவரம் வெடித்தது. ஓர் இரவுநேர மதுக்கூடத்தில் போலீஸ் சோதனை போட்டதில் தொடங்கிப் பல நாட்கள் நீடித்தது. 43 பேர் இறந்தார்கள். கறுப்பின மக்களில் பலர் அதைக் கலவரம் என்று சொல்வதில்லை, கிளர்ச்சி என்பார்கள். அதற்குப் பயந்துதான் வெள்ளையர்கள் நகரைவிட்டுப் போனார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. ஆனால் எண்கள் வேறு மாதிரி சொல்கின்றன. 1950இல் டெட்ராய்டின் மக்கள்தொகை சுமார் 18 லட்சத்து 50 ஆயிரம். 1970இல் சுமார் 15 லட்சம். 1967க்கு முன்பே நகரம் கரையத் தொடங்கிவிட்டது. புதிய நெடுஞ்சாலைகள் வந்தன. கார்த் தொழிற்சாலைகள் வெளியே நகர்ந்தன. சபர்பில் வீடு வாங்க வெள்ளையர்களுக்குக் கடன் எளிதாகக் கிடைத்தது. கறுப்பின மக்களுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது.

ஆகவே 1970களின் தொடக்கத்தில் லயன்ஸின் கணக்கு எளிது. டிக்கெட் வாங்குபவர்களில் பலர் சபர்பில் இருக்கிறார்கள். அங்கே நிலம் மலிவு. கார் நிறுத்த எத்தனை ஏக்கர் வேண்டுமானாலும் கிடைக்கும். பக்கத்திலேயே நெடுஞ்சாலை. இன்றும் வெளியே கட்டச் சொல்பவர்கள் இதே காரணங்களைத்தான் சொல்கிறார்கள். அவற்றில் எதுவும் பொய் இல்லை.

பான்டியாக்குக்கும் ஒரு கணக்கு இருந்தது. அதுவும் கார் கம்பெனிகளை நம்பிய தொழிலாளர் ஊர். அதன் கடைத்தெருவும் வாடிக்கொண்டிருந்தது. பெரிய ஸ்டேடியம் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் கடைகள் வரும், ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். 1975இல் சில்வர்டோம் திறந்தது. நகரத்தின் சொத்தாகவே அது இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல நாட்கள்

சில்வர்டோம் தோல்வியாகவே பிறந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. துணி போன்ற ஃபைபர்கிளாஸ் கூரை. அதைத் தாங்கத் தூண் கிடையாது. உள்ளே காற்றை அடித்து, அந்த அழுத்தத்தில் பலூன் மாதிரி நிறுத்தினார்கள். 1982 ஜனவரியில் சூப்பர் பவுல் அங்கே நடந்தது. குளிரான வடக்குப் பகுதியில் நடந்த முதல் சூப்பர் பவுல் அதுதான். பாரி சாண்டர்ஸ் தன் பத்து சீசன்களையும் லயன்ஸுக்காகவே ஆடினார், அதன் உள்ளூர் ஆட்டங்கள் எல்லாம் இந்தக் கூரைக்குக் கீழேதான்.

1994 உலகக் கோப்பை கால்பந்து இன்னும் சுவையானது. கூரைக்குக் கீழே புல் வளராது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அறுகோணப் பெட்டிகளில் புல்லை வெளியே வளர்த்து, உள்ளே கொண்டுவந்து தேன்கூடு மாதிரி அடுக்கினார்கள். அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் அங்கே 1-1 என்று சமன் செய்தன. மூடிய அரங்குக்குள் நடந்த முதல் உலகக் கோப்பை ஆட்டம் அது.

அப்படியென்றால் பிரச்சினை என்ன?

ஆட்டம் இல்லாத நாட்கள்

ஒரு ஃபுட்பால் அணி தன் ஊரில் ஆடுவது வருடத்துக்குச் சுமார் பத்து நாள். சில வருடங்கள் பிஸ்டன்ஸ் கூடைப்பந்து அணியும் சில்வர்டோமில் ஆடியது. 1988இல் அதுவும் வேறொரு சபர்பில் கட்டிய புதிய அரங்குக்குப் போய்விட்டது. மீதி நாட்களில் அங்கே என்ன இருந்தது? கார் நிறுத்தும் இடம்.

ஆட்ட நாளிலும் பான்டியாக்குக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கடைத்தெரு ஸ்டேடியத்திலிருந்து சில மைல் தள்ளி. நெடுஞ்சாலையில் வந்தார்கள். காரை நிறுத்தினார்கள். டிக்கியைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஆட்டம் பார்த்தார்கள். அதே நெடுஞ்சாலையில் திரும்பிப் போனார்கள். நடந்து போய் ஒரு காப்பி குடிக்க இடம் இருந்தால்தானே ஒருவர் அந்த ஊரில் பணம் செலவழிப்பார்?

2001 சீசன் முடிந்ததும் லயன்ஸ் கிளம்பியது. ஸ்டேடியம் நகரத்தின் சொத்து என்று சொன்னேன் அல்லவா? அணி போனாலும் பராமரிப்புச் செலவு நிற்கவில்லை. வருடத்துக்குச் சுமார் 15 லட்சம் டாலர். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய தொழிற்சாலையும் மூடப்பட்டது. பணமில்லாத நகரத்தை நடத்த மாநில அரசு ஓர் அவசர நிர்வாகியை அனுப்பியது. ஏலம் அப்போதுதான் நடந்தது.

என் அப்பா கார் கம்பெனி வேலைக்காக மிச்சிகன் வந்தவர். எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் சபர்புகளில்தான் இருக்கிறோம். 2013இல் சில்வர்டோமின் கூரை கிழிந்து விழுந்த பிறகு, எம்-59 சாலையில் போகும்போதெல்லாம் அந்தக் கந்தல் துணி காற்றில் ஆடுவது காரிலிருந்தே தெரியும். "இங்கே ஒரு காலத்தில் உலகக் கோப்பை நடந்தது" என்று அப்பா சொல்வார். பின்சீட்டில் இருந்த எங்களால் நம்பவே முடியாது. 2017 டிசம்பர் 3 அன்று வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்தார்கள். வெடி வெடித்தது, ஸ்டேடியம் அசையவில்லை. மறுநாள் மறுபடி வைத்த வெடிக்குத்தான் விழுந்தது. இன்று அந்த இடத்தில் அமேசான் கிடங்கு இருக்கிறது.

நடுவில் கட்டினால் சரியா?

லயன்ஸ் 2002இல் டெட்ராய்ட் டவுன்டவுனுக்குத் திரும்பியது. புது ஸ்டேடியத்தின் பெயர் ஃபோர்ட் ஃபீல்ட். ஒரு பழைய கடை நிறுவனத்தின் செங்கல் கிடங்கை இடிக்காமல் ஸ்டேடியத்தின் ஒரு பக்கமாகவே சேர்த்துக்கொண்டார்கள். ஆடுதளம் தெருமட்டத்துக்குக் கீழே இருப்பதால் கட்டடம் அக்கம்பக்கத்தை மிரட்டாது. எதிரே பேஸ்பால் மைதானம், நடக்கும் தூரத்தில் நாடக அரங்குகள், கிரீக்டவுன் சாப்பாட்டுக் கடைகள். 2017இல் பிஸ்டன்ஸும் டவுன்டவுனுக்குத் திரும்பியது.

இதனால் டெட்ராய்ட் பிழைத்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். ஃபோர்ட் ஃபீல்ட் திறந்து பதினோரு வருடத்தில் டெட்ராய்ட் நகரம் திவாலானது. 2008இல் லயன்ஸ் 16 ஆட்டங்களிலும் தோற்றது! நல்ல இடம் இருந்தால் அணி ஜெயித்துவிடாது, ஊரும் எழுந்துவிடாது. ஸ்டேடியத்துக்கு அரசு கொடுக்கும் பணம் அதே அளவுக்குத் திரும்பி வருவதில்லை என்று பல பொருளாதார அறிஞர்கள் சொல்லிவருகிறார்கள். ஃபோர்ட் ஃபீல்டிலும் பொதுப்பணம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஃபோர்ட் ஃபீல்ட் காலி நிலத்தில் முளைக்கவில்லை. அந்தச் சுற்றுப்புறம் ஒரு காலத்தில் பாரடைஸ் வேலி. கறுப்பின மக்களின் கடைகளும் ஹோட்டல்களும் ஜாஸ் அரங்குகளும் நிறைந்த பகுதி. அதையும் அதையடுத்த பிளாக் பாட்டம் குடியிருப்பையும் நகரச் சீரமைப்பு என்ற பெயரிலும் நெடுஞ்சாலைக்காகவும் 1950களிலும் 60களிலும் இடித்தார்கள். அப்போது அவர்களை வெளியேற்றிய நெடுஞ்சாலைகள்தான் மற்றவர்களைச் சபர்புக்குக் கொண்டுபோயின. நடுவில் கட்டு என்று சொல்லும்போது, நடுவில் முன்பு யார் இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும் என் ஓட்டு ஊருக்கு நடுவில்தான். காரணம், அணி கிளம்பினாலும் அங்கே தெருவும் கடையும் நாடக அரங்கும் இருக்கும், அவற்றின் பிழைப்பு ஸ்டேடியத்தை மட்டும் நம்பியதல்ல. பான்டியாக்கில் ஸ்டேடியத்தைச் சுற்றித் தார் போட்ட தரைதான் இருந்தது. இரண்டாவது காரணம், நம்மைப் பற்றியது. யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நாங்கள் டெட்ராய்ட் என்கிறோம். ஆனால் எங்களில் பலர் டெட்ராய்டுக்குள் காலை வைப்பது அபூர்வம். 2024 ஏப்ரலில் என்எஃப்எல் டிராஃப்ட் டவுன்டவுனில் நடந்தபோது மூன்று நாட்களில் 7,75,000 பேருக்கு மேல் வந்தார்கள். நகரத்துக்காரர்களும் சபர்ப்காரர்களும் ஒரே தெருவில் நின்றார்கள். 127 ஏக்கர் பார்க்கிங்கில் அது நடந்திருக்காது.

உங்கள் ஊரில் புது ஸ்டேடியம் வரப்போகிறது என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். கார் இல்லாதவர் அங்கே எப்படிப் போவார்? ஆட்டம் இல்லாத 355 நாளில் அங்கே என்ன நடக்கும்? அணி போய்விட்டால் பராமரிப்பு யார் தலையில் விழும்? மிச்சிகன்காரர்களுக்கு மட்டும் ஒரு வேலை: அடுத்த முறை ஃபோர்ட் ஃபீல்ட் போனால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். அப்பா அம்மாவையும் இழுத்துக்கொண்டு, கிழக்குப் பக்கமாக நெடுஞ்சாலை ஓரம் வரை நடந்துவிட்டு வாருங்கள். பாரடைஸ் வேலி அங்கேதான் இருந்தது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.