காமன் பொட்டலில் தங்கிவிட்ட சிரிப்பு

நோர்வேயில் 1938-இல் 'பூர் பூர்சன் யூனியர்' என்று ஒரு படம் வந்தது. பட்டிக்காட்டில் கடை போட்டவன் பெரும் முதலாளியாகக் கிளம்பும் கூத்து. மூலநாவலை எழுதிய யூஹான் பால்க்பெர்கெ, சின்ன வயதிலேயே செப்புச் சுரங்கத்தில் வேலைக்கு இறங்கியவர். கேலி செய்தவரும் உழைப்பாளிதான் என்பதால் அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை.

இலங்கையில், சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்ட லயத்துச் சனத்துக்கு அப்படியொரு படம் வாய்க்கவில்லை. தோட்டத்தைப் படமெடுக்காமல் இல்லை. 1963-இலேயே 'தோட்டக்காரி' வந்துவிட்டது. 1975-இல் தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் 'புதிய காற்று' எடுத்து, தானே நாயகனாக நடித்தார். ஒன்றில் கண்ணீர், மற்றதில் போராட்டம். சிரிப்பு மட்டும் வேறு பக்கம் போனது.

அது போன இடம் வானொலி. எஸ். ராமதாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகம் 1976-இல் 'கோமாளிகள்' என்ற படமானது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று நாலு பேர்; ஆளுக்கொரு பேச்சு. உபாலியின் சிங்களம் கலந்த தமிழ், சிங்களக் கிராமங்களுக்கு நடுவே றப்பர் பால் வெட்டும் சப்ரகமுவ ஆட்களுக்குக் காதுக்குப் பழகியதுதான். ஆனால் அந்த நால்வரில் தோட்டத்து ஆள் ஒருவர்கூட இல்லை. எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

காலமும் அப்படி. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தப்படி தோட்டத்துச் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்திருந்தார்கள். 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் கைமாறின, இடையில் பஞ்சம். பக்கத்து லயம் இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் பெட்டி கட்டும்போது யாருக்குப் பகிடி வரும்?

வந்தது என்பதுதான் ஆச்சரியம். கங்காணியைக் கிண்டலடிக்கும் பாட்டுகளை மலையகத்தின் கொழுந்து மலை கேட்டுக்கொண்டேதான் இருந்தது. மாசியில், காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டலில் தப்பும் உறுமியும் அதிர, ரதியும் மன்மதனும் ஆடுவார்கள். இடையில் குறவனும் குறத்தியும் நுழைந்தால் பிள்ளைகள் தூக்கம் கலைந்து முன்வரிசைக்கு ஓடும். பகலில் துரைக்கு முன்னால் கைகட்டி நின்றவர்தான் இரவில் அந்தக் குறவன்.