கரிசல் மிளகாயும் மகசூல் என்ற அளவுகோலும்

மணியாச்சி இரண்டு வேளாண் ஆராய்ச்சி மரபுகளுக்கு நடுவே இருக்கிறது. வடக்கே கடம்பூரைத் தாண்டினால் கோவில்பட்டி. 1901-இல் தொடங்கிய மானாவாரி ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. தெற்கே வல்லநாட்டுக்கு அருகில், தாமிரபரணிப் பாசனத்தின் ஓரத்தில், 1980-களில் உருவான கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி. இரண்டும் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குபவை. இரண்டுமே காய்கறிப் பயிர்களில் புது இரகங்களைத் தந்தவை. ஆனால் ‘மகசூல்’ என்று இரண்டும் சொல்வது ஒரே பொருளை அல்ல. கரிசலில் காய்கறி ஆராய்ச்சி நடந்து வந்த பாதையைப் பார்த்தால், விளைச்சலும் தரமும் உயர்ந்ததற்குப் புது விதை ஒரு பாதிக் காரணம்தான். மறுபாதி, மண்ணில் ஈரம் எத்தனை நாள் நிற்கும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு தாமதமாகத்தான் ஆராய்ச்சிக்குள் வந்தது, மிளகாய்க்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோவில்பட்டிப் பண்ணையின் தொடக்ககால அக்கறை பருத்திதான். கருங்கண்ணிப் பருத்தியில் நல்ல செடிகளைப் பொறுக்கி, அவற்றின் விதையைத் தனியே பெருக்கி, ‘கே’ என்ற எழுத்தோடு வரிசையாக இரகங்கள் வெளிவந்தன. டென்மார்க்கின் யோகான்சன் 1903-இல் அவரை விதைகளை வைத்துத் தனிவழித் தேர்வு என்ற கோட்பாட்டை நிறுவியிருந்தார். கலவையாகக் கிடக்கும் நாட்டு வகையிலிருந்து தூய வழிகளைப் பிரித்தெடுக்கலாம். பிரித்த பிறகு அவை மாறாமல் நிற்கும் என்பது அதன் சாரம். பருத்தியில் பழகிய இந்தக் கைதான் மிளகாய்க்கும் வந்தது. கே 1 மிளகாய் அசாமிலிருந்து வந்த பி 72ஏ என்ற வகையிலிருந்து தனிவழித் தேர்வாக எடுக்கப்பட்டது. கே 2 ஒரு கலப்பு: ஒரு பக்கம் அசாம் வகை பி 70ஏ, மறுபக்கம் சாத்தூர் சம்பா. கோயம்புத்தூரின் கோ 1 மிளகாயும் சாத்தூர் சம்பாவிலிருந்து தேர்ந்தெடுத்ததே. மதுரையில் கே 1 விதையைக் காமா கதிரில் வைத்து, கொத்தாகக் காய்க்கும் எம்.டி.யு 1 இரகத்தை உருவாக்கினார்கள். ஆக, அசாமிலிருந்து வந்த விதையும் சாத்தூர்ச் சந்தையின் சம்பாவும்தான் இந்த வட்டாரத்து நீட்டு மிளகாயின் வேர்கள். சந்தைக்குப் பழகிய காயை வைத்தே வளர்ப்பாளர்கள் வேலை தொடங்கினார்கள் என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இங்கே ஒரு எண் கவனத்துக்குரியது. கே 1 இரகத்துக்குச் சொல்லப்படும் வயது 210 நாள். விளைச்சல் ஹெக்டேருக்கு 1.8 டன் வத்தல். விளைச்சல் எண்ணைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 210. இந்தப் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையை ஒட்டிப் பெய்துவிடுகிறது. புரட்டாசியில் விதைத்த மிளகாய்க்கு மார்கழியோடு மழை முடிந்துபோகிறது. பிறகு பூவும் காயும் பழமும் நூறு நாளுக்கு மேல் மண்ணில் தேங்கிய ஈரத்தையே நம்பி நிற்க வேண்டும். கரிசல் அதைத் தரக்கூடிய மண்தான். அதன் களி ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் பாளம்பாளமாக வெடிக்கும். முதல் மழையை வெடிப்புகள் வாங்கிக்கொள்ளும். வெடிப்பு மூடிய பிறகு பெய்யும் அடைமழை மேலேயே நின்று மிளகாயின் வேரை மூச்சுத் திணறடிக்கும். அதாவது ஒரே பயிருக்கு ஒரே பருவத்தில் தண்ணீர் மிகுதியும் வருகிறது, பற்றாக்குறையும் வருகிறது. தனிவழித் தேர்வு மட்டும் இதற்கு விடை தராது.

விடையின் ஒரு பகுதி, அகில இந்திய ஒருங்கிணைந்த மானாவாரி ஆராய்ச்சித் திட்டம் 1970-இல் தொடங்கிக் கோவில்பட்டியும் அதன் மையங்களில் ஒன்றான பிறகு திரண்டது. நிலத்துக்குள் சிறு வரப்பு கட்டி மழையைப் பெய்த இடத்திலேயே நிறுத்துவது, மேட்டுப்பாத்தியும் சாலுமாக அமைத்து மிகுநீரை வடிப்பது, பண்ணைக்குட்டையில் சேர்ப்பது ஆகியவை அந்த வரிசையில் வருகின்றன. மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் முறையும் இங்கே செம்மையானதுதான். சோள விதையைக் கடினப்படுத்தி, சுமார் 5 செ.மீ. ஆழத்தில் போடுவார்கள். ஆழம் ஏன் என்றால், இரண்டு தூறலில் முளைத்து ஏமாறாமல், நிலம் நன்றாக நனைந்த பிறகே விதை எழும்பும். எளிமையான, அழகான தீர்வு. ஆனால் மிளகாய் விதை சிறியது. அத்தனை ஆழத்தில் புதைத்தால் முளை மேலே வராது. மேலாக விதைத்தால் முதல் தூறலே அதை எழுப்பிக் காயவிட்டுவிடும். சோளத்துக்கும் பருத்திக்கும் கிடைத்த பாதுகாப்பு மிளகாய்க்குக் கிடைக்காமல் போனது இதனால்தான். நிலையம் மெத்தனமாக இருந்தது என்று சொல்ல முடியாது. விதையின் அளவு இட்ட தடை அது. என்றாலும் மானாவாரி மிளகாயின் தொடக்க நாட்களுக்கென்று தனி ஆய்வு வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

தரம் என்ற சொல்லையும் தண்ணீரிலிருந்து பிரிக்க முடியாது. நூறு கிலோ பழத்தில் கிடைப்பது 25 முதல் 35 கிலோ வத்தல். மீதி முழுக்கக் களத்தில் ஆவியாகப் போவது. காரத்தையும் நிறத்தையும் இரகம் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆனால் பழ அழுகல் பட்ட காய் வெளுத்துப்போகும், ஈரத்தோடு குவித்த வத்தலில் பூஞ்சணம் ஏறும். மண்தரையில் காயப்போட்டு இரவுப் பனியில் விட்டால், எவ்வளவு நல்ல இரகமானாலும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சுக்கு வழி திறந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய் வத்தலில் அந்த நஞ்சின் மொத்த அளவுக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். இந்த வரம்பைத் தாண்டாமல் காப்பது விதையல்ல, தார்ப்பாயும் சிமெண்டுக் களமும் சரியான காய்ச்சலும்தான்.

இதற்கு மறுப்பு உண்டு. ஒட்டு இரகமும் சொட்டுநீரும் வந்துவிட்ட காலத்தில் மானாவாரி மிளகாயைப் பற்றிப் பேசுவது பழைய கணக்கு என்பார்கள். கிணற்றில் நல்ல தண்ணீர் உள்ளவருக்கு அது சரிதான்; அவர் ஒட்டு இரகம் போடட்டும், கூடுதல் எடுக்கட்டும். மழையை மட்டும் நம்பியவருக்கு அப்படியல்ல: ஒட்டு இரகத்துக்கு ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டும், உரமும் மருந்தும் தவறாமல் வேண்டும். மழை ஏமாற்றும் ஆண்டில் அந்தச் செலவு முழுவதும் கடனாக நிற்கும். தமிழ்நாட்டின் சராசரி வத்தல் விளைச்சல் ஹெக்டேருக்கு ஒரு டன்னைக்கூட எட்டவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இரகத்தின் திறனுக்கும் நிலத்தில் கிடைப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியை இன்னொரு உயர்ந்த திறன் எண் நிரப்பாது. இன்னொரு மறுப்பு, நாட்டு வகையிலிருந்து தேர்ந்தெடுக்கும் முறையே காலாவதியானது என்பது. அதற்குப் பரமக்குடி ஆராய்ச்சி நிலையமே பதில்: கோ 2 மிளகாயையும் ராமநாதபுரம் குண்டையும் கலந்து அங்கே பி.எம்.கே 1 வந்தது. அந்தக் குண்டு வத்தல் 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

கிள்ளிகுளத்தின் கே.கே.எம் 1 கத்தரியும் இந்த மரபில் வந்ததுதான். குளத்தூர் நாட்டு வகையிலிருந்து தேர்ந்தெடுத்தது. பால் வெண்மையில் முட்டை வடிவக் காய், இரண்டு முதல் நான்கு வரை கொத்தாகக் காய்க்கும், சுமார் 135 நாளில் ஹெக்டேருக்கு 37 டன். நல்ல இரகம், ஐயமில்லை. ஆனால் இந்த 37 டன்னையும் கோவில்பட்டியின் 1.8 டன்னையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து அச்சிடுவதில் ஒரு குறை இருக்கிறது: ஒன்று பச்சைக் காயின் எடை, மற்றது காய்ந்த வத்தலின் எடை, பக்கத்தில் தண்ணீர்க் கணக்கும் இல்லை. இரகத்தை வெளியிடும் குறிப்பில் நல்ல ஆண்டின் விளைச்சலோடு, மழை குறைந்த ஆண்டின் விளைச்சலையும் நிலையங்கள் அச்சிட வேண்டும். அதுவரை, விதைப் பொட்டலத்தை வாங்கும் மணியாச்சி உழவர் கடைக்காரரிடமும் வேளாண் அலுவலரிடமும் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: இந்த மகசூல் எத்தனை தண்ணீரில் வந்தது?